ஈ30 325ஐ செடான்: தேய்ந்ததை மாற்றிய பிறகுதான் பவர்

பிஎம்டபிள்யூ ஈ30 325ஐ, அதாவது எண்பதுகளின் 3 சீரிஸ் கார், ஒன்று கையில் கிடைத்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, “இதில் எந்த இன்ஜினைத் தூக்கி வைக்கலாம்?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்தக் கார் 1985-ல் வெளிவந்தபோது எப்படி ஓடியதோ அப்படி இன்று ஓடும் ஈ30கள் மிகக் குறைவு. சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் புஷ் ரப்பர் எல்லாம் இறுகி வெடித்திருக்கும், காற்றுக்குழாயில் கீறல் விழுந்திருக்கும், ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும். 2,494 சி.சி. ஆறு சிலிண்டர் எம்20 இன்ஜின் தருவது சுமார் 170 குதிரைத்திறன். கார் ஏறக்குறைய 1,200 கிலோ. இந்தக் கணக்கு இன்றைக்கும் தாராளம். அந்தத் திறன் சக்கரம் வரை வந்து சேர்கிறதா, வந்த பிறகு கார் சொன்னபடி திரும்புகிறதா என்பதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும்.

வேலையைத் துருவில் தொடங்குங்கள். இன்ஜின் கெட்டால் மாற்றிவிடலாம். பாடி போனால் கார் போனது. முன் ஃபெண்டர் போல்ட்டில்தான் நிற்கிறது. அதைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், ஹெட்லைட்டுக்குப் பின்னால் மண் அடைத்து ஈரம் தங்கும் மூலையைச் சுரண்டிப் பாருங்கள். அடுத்து, முன்கண்ணாடிக்குக் கீழே ஹீட்டர் பிளோயர் உட்கார்ந்திருக்கும் பள்ளம். அதன் வடிகாலில் இருக்கும் ரப்பர் மூடியில் இலையும் தூசும் சேர்ந்தால் தண்ணீர் தேங்கி, தகட்டைத் தின்றுவிட்டுக் காருக்குள் இறங்கும். சன்ரூஃபின் நான்கு வடிகால் குழாய்கள், பின்விளக்கு ரப்பர், கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகிய மூன்றும் அதே ரகம். கார்பெட் நனைந்திருந்தால் தரையை மட்டும் குறை சொல்லாதீர்கள். தண்ணீர் மேலிருந்து வரும் வழியைக் கண்டுபிடிக்காமல் கீழே வெல்டிங் வைத்துப் பயனில்லை.

ஜாக் வைக்கும் நான்கு இடங்களும் இந்தக் காரின் உண்மையைச் சொல்லிவிடும். அடியில் தார் போலப் பூசியிருக்கும் பூச்சு வழவழப்பாக, அழகாகவே தெரியும். தட்டையான ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று கேட்கும். கெட்ட இடம் ஊமையாகக் கேட்கும். அந்த இடத்தில் முனையை வைத்து அழுத்தினால் பூச்சு உரிந்து, அடுக்கடுக்காகச் செந்தூள் கொட்டும். பட்டி போட்டு மூடுவது இங்கே குற்றம் என்றே சொல்வேன், ஏனென்றால் அது பாரம் தாங்கும் இடம். பளபளக்கும் இரும்பு வரும்வரை வெட்டி எடுங்கள். வெளித்தகட்டுக்கு 0.8 மி.மீ., பாரம் தாங்கும் இடத்துக்கு அதைவிடத் தடித்த தகடு என்று விளிம்போடு விளிம்பு பொருத்தி, சின்னச் சின்னப் புள்ளிகளாக, இடம் மாற்றி மாற்றி வெல்டிங் வையுங்கள். ஒரே இழுப்பில் ஓட்டினால் சூட்டில் தகடு நெளியும். முடிந்ததும் எபாக்ஸி ப்ரைமர், மூட்டுகளுக்கு சீலர், பெயிண்ட், கடைசியாக உள்ளறைகளுக்கு மெழுகு ஸ்ப்ரே. மெழுகை வெல்டிங்குக்கு முன் அடித்தால் தீப்பிடிக்கும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியையும், பெட்ரோலையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்தும் மோட்ரானிக் கம்ப்யூட்டரின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

இன்ஜினில் முதல் வேலை டைமிங் பெல்ட். பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒத்துச் சுற்ற வைப்பது இதுதான். இது மாறிய தேதி எழுத்தில் இல்லையென்றால் மாறவில்லை என்றே கொள்ளுங்கள். எம்20-ல் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். ராக்கர் ஆர்ம் உடையும், வால்வு வளையும். 60,000 மைல், அதாவது சுமார் 96,000 கி.மீ., அல்லது நான்கு ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. வாட்டர் பம்ப் இந்தப் பெல்ட்டில் சுற்றுவதில்லை, அது வெளியே இருக்கும் வி-பெல்ட்டில் சுற்றுகிறது. ஆனால் டென்ஷனரின் ஸ்பிரிங் வாட்டர் பம்ப் பக்கம்தான் முட்டி நிற்கிறது. ஆகவே பம்பைத் தனியாக இன்னொரு நாள் மாற்றுவது இரட்டை வேலை. பெல்ட், டென்ஷனர், பம்ப், தெர்மோஸ்டாட், கேம் மற்றும் கிராங்க் முன்பக்க ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே கையோடு முடியுங்கள். பெல்ட்டில் ‘இசட் 127’ என்று அச்சிட்டிருந்தால் டென்ஷனரிலும் அதே குறி இருக்க வேண்டும். பழைய டென்ஷனரோடு அந்தப் பெல்ட்டைச் சேர்க்கக் கூடாது.

ஃபேனைக் கழற்றும் 32 மி.மீ. நட்டுக்கு இடது மறை. முன்னால் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் பலம் கொடுப்பவர்கள் வாட்டர் பம்பின் தண்டைக் கெடுக்கிறார்கள். கிராங்கின் முன்னால் இருக்கும் டேம்பர் ஆறு 13 மி.மீ. போல்ட்டில் நிற்கிறது. அதைக் கழற்றினால் கீழ்மூடி வந்துவிடும். நடுவில் இருக்கும் பெரிய போல்ட் 400 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கியது; பெல்ட் மாற்ற அதைத் தொடவே வேண்டாம். கேம் புல்லியின் அம்புக்குறி ஹெட்டில் உள்ள கோட்டோடும், கிராங்க் குறி அதன் கோட்டோடும் நேராக நிற்க, பெல்ட்டைக் கிராங்கிலிருந்து தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வில்லாமல் மாட்டுங்கள். நடுவில் இருக்கும் புல்லி ஆயில் பம்பைச் சுற்றும் தண்டுக்கானது. டிஸ்ட்ரிபியூட்டர் கேம் முனையில் இருப்பதால் அதன் நிலை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. டென்ஷனர் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, ஸ்பிரிங் தானாக இழுக்கட்டும். கிராங்கை ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, குறிகளைத் திரும்பப் பார்த்த பிறகு 22 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். கையால் டென்ஷனரை நெம்பி ‘இன்னும் கொஞ்சம் டைட்’ வைப்பது கெடுதல். ஊளைச் சத்தம் வரும், பேரிங் சீக்கிரம் போகும். 1987 முகமாற்றத்துக்குப் பின் வந்த கார்களில் கிராங்க் சென்சார் இதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் கேபிள் சுற்றும் எதிலும் உரசாதபடி கிளிப்பில் திரும்ப மாட்டுங்கள்.

வால்வு கவரைத் திறந்ததும் ஹெட் போல்ட்டுகளைப் பாருங்கள். ஆறுமுகத் தலை கொண்ட பழைய ரகமா, டார்க்ஸ் ரகமா? பழைய ரகத்தின் தலை ஓடும்போதே முறிந்து ராக்கர்களுக்கு நடுவே விழும் பழக்கம் உண்டு. ஹெட்டைக் கழற்றாமலே, இறுக்கும் வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்து டார்க்ஸ் போட்டுவிடலாம். 30 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. தேவைப்படுவது ஈ12 சாக்கெட்.

வால்வு இடைவெளி குளிர்ந்த இன்ஜினில் 0.25 மி.மீ., இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் ஒன்றே. ஃபயரிங் வரிசை 1-5-3-6-2-4 என்பதால் ஜோடிகள் 1-6, 5-2, 3-4. ஆறாவது சிலிண்டரின் இரு வால்வுகளும் சேர்ந்து அசையும் நிலையில் முதல் சிலிண்டரை அட்ஜஸ்ட் செய்யலாம். மற்ற ஜோடிகளுக்கும் இதே முறை. ராக்கரின் நுனியில் 10 மி.மீ. நட், அதற்குள் ஓட்டை போட்ட, மையம் விலகிய சின்ன எக்சென்ட்ரிக் வில்லை. நட்டைத் தளர்த்தி, ஓட்டையில் வளைத்த கம்பியைச் செருகி வில்லையைச் சுற்றினால் இடைவெளி மாறும். ஃபீலர் கேஜ் தகடு வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, இழுத்தால் வளையவும் கூடாது. எண்ணெய்ப் பசையோடு மெல்லப் பிடித்துப் பிடித்து வர வேண்டும். சிக்கல் எப்போதும் நட்டை இறுக்கும் நொடியில் வருகிறது. வில்லை கூடவே திரும்பிவிடும், அளந்த அளவு போய்விடும். இறுக்கும்வரை கம்பியைப் பிடித்திருங்கள், இறுக்கிய பிறகு இன்னொரு தடவை தகடு விட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் எம்20 லேசாக டிக்-டிக் என்றுதான் ஓடும். அந்தச் சத்தத்தை அடக்க இடைவெளியைக் குறைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு சூடு ஆறாமல் எரியும்.

அலுமினிய ஹெட் ஒரே ஒரு தடவை அதிகச் சூடு கண்டாலும் வளையும், விரிசலும் விடும். ஆகவே ரேடியேட்டர், எல்லா ஹோஸ்கள், 80 டிகிரி தெர்மோஸ்டாட், ஃபேன் கிளட்ச் ஆகியவற்றைச் சந்தேகத்தின் பேரிலேயே மாற்றலாம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து வயதாகி மொறுமொறுப்பாகி, ஹோஸைக் கழற்றும்போதே கையோடு வந்துவிடும். மொத்தக் கொள்ளளவு சுமார் 10.5 லிட்டர், பாஸ்பேட் இல்லாத கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. காற்று எடுக்கும் வேலையில்தான் பலர் தவறுகிறார்கள். காரின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் உறையின் மேலிருக்கும் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் ஒழுகும்வரை மெதுவாக ஊற்றுங்கள். டெம்பரேச்சர் ஊசி நடுவில் நிற்க, ஹீட்டரில் சூடான காற்று வர வேண்டும். ஊசி ஏறியும் ஹீட்டர் குளிர்ந்தே ஊதினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, இன்ஜினை உடனே நிறுத்துங்கள். ஹெட் ஏற்கெனவே கழன்றிருந்தால், பிரஷர் டெஸ்ட் செய்யாமல் திரும்ப வைக்காதீர்கள்.

ஊசி தாறுமாறாகக் குதிக்கிறது என்பதற்காக மட்டும் இன்ஜின் மேல் பழி போடாதீர்கள். மீட்டர் பாக்ஸுக்குள் இருக்கும் சர்வீஸ் விளக்கு போர்டில் நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் பற்றவைத்திருக்கும். அவை செத்ததும் ஆர்பிஎம் ஊசியும் டெம்பரேச்சர் ஊசியும் பொய் சொல்லத் தொடங்கும்; ஒழுகினால் போர்டின் செம்புத் தடமே அரித்துப்போகும். மீட்டரின் பின்னால் எர்த் நட் தளர்ந்திருந்தாலும் இதே கூத்துதான், அதை முதலில் இறுக்கிப் பாருங்கள். கிலோமீட்டர் எண் நகராமல் நின்றிருந்தால், உள்ளே சின்ன பிளாஸ்டிக் பற்சக்கரம் பொடிந்திருக்கும். வாங்கும்போது காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறதா? மோட்ரானிக், உள்ளே போகும் காற்றை ஃபிளாப் வகை ஏர்ஃப்ளோ மீட்டரில் அளக்கிறது. மீட்டரைத் தாண்டிய பிறகு எங்கே காற்று திருட்டுத்தனமாக நுழைந்தாலும் கணக்கு தப்பும்: இன்டேக் ரப்பர் குழாயின் மடிப்பு, ஆயில் மூடியின் ரப்பர், டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங், இன்ஜெக்டர் சீல்கள். எளிய சோதனை ஒன்று போதும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறங்கள். நல்ல இன்ஜின் உடனே திணறும். எந்த மாற்றமும் இல்லையென்றால் வேறெங்கோ ஏற்கெனவே பெரிய ஓட்டை இருக்கிறது. ஐடில் வால்வு, சாவி போட்டதும் கையில் அதிர வேண்டும். கரி பிடித்திருந்தால் கிளீனர் அடித்துக் கழுவுங்கள். பெட்ரோல் ஹோஸ்களை வயது பார்க்காமல் மாற்றுங்கள், இன்ஜெக்டர்களை அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்து ஆறும் ஒரே அளவு பாய்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் அழுத்தம் 3 பார்.

இனி சஸ்பென்ஷன். என் கணிப்பில் ஈ30-ல் செலவழிக்கும் பணத்துக்கு அதிகம் திருப்பிக் கொடுப்பது இதுதான். ஷாக் அப்சார்பர் வாங்கும் முன் முன்பக்கக் குழாயின் விட்டத்தை அளந்துவிடுங்கள்: 45 மி.மீ., 51 மி.மீ. என இரண்டு ரகம் உண்டு, ஆறு சிலிண்டர் 325ஐ-க்கு 51. புதிய இன்சர்ட்டை இறக்கும்போது குழாயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் சூடு வெளியேறும். முன் கன்ட்ரோல் ஆர்மின் பால் ஜாயின்ட் ஆட்டம் கண்டால் முழு ஆர்மையே மாற்றுவது நல்லது. பின்னால் இருக்கும் புஷ்ஷை மாற்றும்போது ஈ30 எம்3-யின் மையம் விலகிய புஷ்ஷைப் போடுங்கள். காஸ்டர் கோணம், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு, கூடி, நேர்கோட்டில் ஸ்டியரிங் உறுதியாக நிற்கும். ஆர்மின் மேல் புஷ்ஷை ஏற்ற சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். எண்ணெயோ கிரீஸோ தடவினால் அது ஆர்மைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஏற்றியதும் அரை மணி நேரத்துக்குள் காரைச் சக்கரத்தில் இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் சோப்பு காய்ந்ததும் புஷ் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதிலேயே பிடித்துக்கொள்ளும். தொங்கிய நிலையில் பிடித்தால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் வேலை செய்து, சீக்கிரம் கிழியும். பின்சக்கரத்தைத் தாங்கும் ட்ரெய்லிங் ஆர்மின் போல்ட்டுகளையும் இதே காரணத்தால் கார் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும்.

பின்னால், இந்த ஆர்ம்களைத் தாங்கும் சப்ஃப்ரேமின் புஷ் இரண்டு, ட்ரெய்லிங் ஆர்ம் புஷ் நான்கு, டிஃபரென்ஷியல் மவுன்ட் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே தடவையில் இறக்கி மாற்றுங்கள். அப்போதுதான் மேலே ஒளிந்திருக்கும் பிரேக் பைப்பின் துருவும் கண்ணில் படும். பாலியூரித்தேனை ட்ரெய்லிங் ஆர்மில் போடலாம். சப்ஃப்ரேமுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் தினசரி ஓட்டும் காரில் ரப்பரே சரி, இல்லையென்றால் டிஃபரென்ஷியலின் முனகல் முழுவதும் சீட்டுக்கு வரும். பின் ஷாக்கின் மேல் மவுன்ட் கிழிவது சாதாரணம். பிற்கால பிஎம்டபிள்யூ ஸ்போர்ட்ஸ் காரான இசட்3-க்கு வந்த வலுவூட்டும் தகட்டைச் சேர்த்துப் போட்டால் பாடித் தகடு கிழியாது. உயரத்தை 30 மி.மீ.க்கு மேல் குறைக்காதீர்கள். செமி ட்ரெய்லிங் ஆர்ம் அமைப்பில் பின்பக்கம் தாழத் தாழ கேம்பரும் (சக்கரம் உள்ளே சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்பும் அளவு) சேர்ந்து மாறும், தொழிற்சாலை அமைப்பில் அவற்றைச் சரிசெய்ய வழியே இல்லை.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் டிஸ்க்கில் உள்ள அம்புகள் ஃபிளாஞ்சின் கையைப் பார்த்திருக்க வேண்டும். போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நடு பேரிங்கைச் சில மில்லிமீட்டர் முன்னோக்கித் தள்ளிய பிறகு இறுக்குங்கள்.

பிரேக்கில் பெரிதாக எதுவும் வேண்டாம். முன்னால் 260 மி.மீ. காற்றோட்ட டிஸ்க், பின்னால் 258 மி.மீ. டிஸ்க். நல்ல பேட், ஸ்டெயின்லெஸ் பின்னல் ஹோஸ், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது டாட் 4 திரவம் இருந்தால் சாலைக்குப் போதும். சக்கரத்துக்கு 4×100 அமைப்பு, நடு ஓட்டை 57.1 மி.மீ.; 15×7 ரிம்மில் 205/55 ஆர்15 டயர்தான் பார்வைக்கும் ஓட்டத்துக்கும் பொருத்தம். 17 அங்குலம் இந்தக் காரின் மென்மையான நடையைக் கொன்றுவிடும்.

மாற்றங்களில் முதலிடம் ஸ்டியரிங் ராக்குக்கு. ஈ30-ன் சொந்த ராக் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 4 சுற்று; இசட்3 1.9-ன் ராக் சுமார் 2.7 சுற்று. சப்ஃப்ரேமில் ஸ்பேசர் வைக்க வேண்டும், ஸ்டியரிங் தண்டின் இணைப்பு மாற வேண்டும், டை ராட் இருபுறமும் போதிய மறை உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். ராக்கின் உயரம் தவறினால் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் தானாக இழுக்கும். அடுத்த இடம், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் 25 சதவீத லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல். அடையாளத் தகட்டில் விகிதத்துக்கு முன் ‘எஸ்’ என்ற எழுத்து இருந்தால் அந்த ரகம். 325ஐ-க்கு 188 மி.மீ. நடுத்தர உறை; 168 மி.மீ. சின்ன உறையை வாங்கிவிடாதீர்கள். எண்ணெய் வடிக்கும் முன் ஊற்றும் மூடி கழல்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது இன்ஜின். ஈட்டா எனப்படும் சிக்கன ரக எம்20-ன் 81 மி.மீ. கிராங்கை இந்த பிளாக்கில் வைத்தால் 2,693 சி.சி. வரும், இழுவை கீழிருந்தே கூடும். ஆனால் ஒரு கணக்கு பலரைக் கவிழ்க்கிறது. ஸ்ட்ரோக் 75-லிருந்து 81 ஆனால் பிஸ்டன் 3 மி.மீ. மேலே வரும். ஈட்டாவின் கனெக்டிங் ராட் 130 மி.மீ., 325ஐ-யின் ராட் 135 மி.மீ.; அதாவது 5 மி.மீ. கீழே. இரண்டையும் சேர்த்தால் 325ஐ பிஸ்டன் பழைய இடத்தைவிட 2 மி.மீ. தாழ்ந்து நிற்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் உள்ள இன்ஜினின் 8.8 கம்ப்ரஷன் அதிலும் குறைந்து, சி.சி. கூடியும் சோம்பலாக ஓடும். ஹெட்டை அளவுக்கு மேல் சீவி ஈடுகட்டினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும், கேம் டைமிங்கும் பின்தங்கும். ஆகவே இந்தச் சேர்க்கைக்கென்றே உயரம் கணக்கிட்ட பிஸ்டனைச் செய்து வாங்குவதுதான் முறை. கூடவே மோட்ரானிக் சிப்பில் புது மேப்பிங் வேண்டும், மாற்றிய பிறகு வைட்பேண்ட் மீட்டரில் காற்று-பெட்ரோல் கலவையைப் பார்க்க வேண்டும்.

எம்20-க்குப் பின் வந்த, 192 குதிரைத்திறன் தரும் எம்50 2.5 இன்ஜினை வைப்பது செலவில் பெரும்பாலும் இதற்கு நெருக்கமாகவே வரும். அதற்கு ஈ34 எனப்படும் 5 சீரிஸின் ஆயில் சம்பும் பிக்கப் குழாயும் தேவை; இடது ஸ்டியரிங் காரில் இன்டேக், பிரேக் பூஸ்டரை முட்டும் என்பதால் பூஸ்டரையும் மாற்ற வேண்டும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட்டுக்கு வெறும் காரைக் கொண்டுபோகாதீர்கள். பிஎம்டபிள்யூ சொல்லும் முறையில் முன் சீட்டுகளில் தலா 68 கிலோ, பின் சீட்டில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ, முழு டேங்க் பெட்ரோல் வைத்துத்தான் அளக்க வேண்டும். முன்பக்கம் சுமார் 2 மி.மீ. டோ-இன் போதும். பின்பக்க எண்களை அச்சிட்டு வாங்குங்கள். இடதுக்கும் வலதுக்கும் டோ கணிசமாக வேறுபட்டால் வளைந்த ட்ரெய்லிங் ஆர்ம் அல்லது கோணலாக உட்கார்ந்த சப்ஃப்ரேம் புஷ் என்று பொருள். எக்சென்ட்ரிக் தகடு வெல்டிங் செய்து எண்ணைச் சரிக்கட்டும் முன் அந்தப் பக்கத்தை இறக்கிப் பாருங்கள், புது டயரை அதற்குப் பிறகு வாங்கலாம்.